ஒரு சின்ன வெங்காயமும் ஐந்து புலன்களும்

"கண்ணால் பார்க்கிறோம், காதால் கேட்கிறோம், மூக்கால் முகர்கிறோம்." மூன்று வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் சில நாளில் மனப்பாடமாகச் சொல்லிவிடும். சொல்லும்போதே கண்ணையும் காதையும் தொட்டுக் காட்டும். கேட்கிற நமக்கும் பாடம் முடிந்த திருப்தி வந்துவிடும். ஆனால் அந்தக் குழந்தை பிறந்த நாளிலிருந்தே கேட்டும் முகர்ந்தும் சுவைத்தும்தான் வளர்ந்திருக்கிறது. இருட்டில் அம்மாவின் புடவை வாசத்தை வைத்தே அவளைக் கண்டுகொண்ட குழந்தை அது. மூக்கு எதற்கு என்று அதற்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லித் தர வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, வேறுபாட்டைக் கவனிப்பது. இந்தச் சத்தமும் அந்தச் சத்தமும் ஒன்றா? புளியின் புளிப்பும் மாங்காயின் புளிப்பும் ஒன்றுதானா? அடுத்தது, கவனித்ததை வாய்விட்டுச் சொல்வது.

இதற்குக் காசு கொடுத்து வாங்கும் கருவி எதுவும் வேண்டாம். பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கும் குரும்பலூரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. தொலைவில் பச்சைமலை. காட்டு வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுப் போவார்கள். இல்லையென்றால் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ விட்டுப் போவார்கள். பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இவர்களுக்குத்தான் இந்த விளக்கம். ஊர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, பொருளை மாற்றிக்கொள்ளலாம்.

குரும்பலூரில் முதல் பாடத்துக்குச் சின்ன வெங்காயமே போதும். பட்டறையில் காய்ந்து கிடக்கும் வெங்காயத்தில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருங்கள். நமக்குத்தான் இது கடினம். "இது என்ன? வெங்காயம்! என்ன கலர்?" என்று உடனே ஆரம்பித்துவிடுவோம். கொஞ்ச நேரம் விட்டால் குழந்தையே உருட்டும், காதருகே வைத்து ஆட்டும், தோலைக் கிள்ளும். காய்ந்த சருகு விரலுக்கு நடுவே சரசரவென்று நொறுங்கும். அதற்கு அடியில் இருக்கும் தோல் வழவழப்பாக, பளபளவென்று வேறு நிறத்தில் இருக்கும். முழு வெங்காயத்தை முகர்ந்தால் மண் வாசமும் லேசான நெடியும்தான். அதை நறுக்கிய கணத்தில் நெடி ஏறுகிறது, கண் கலங்குகிறது.

"வெங்காயம் ஏன் டீச்சர் அழ வைக்குது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: "வெங்காயத்துக்குள்ள ரெண்டு சாமான் பக்கத்துப் பக்கத்து அறையில பூட்டி இருக்கு. கத்தி பட்டதும் நடுச் சுவர் உடைஞ்சு ரெண்டும் சேருது. சேர்ந்தா ஒரு காரமான ஆவி கிளம்புது. அது கண்ணுல பட்டதும் கண்ணு தண்ணி விட்டு அதைக் கழுவிடுது." இது குழந்தைக்காகக் கட்டிய கதையாகத் தோன்றினாலும் அடிப்படையில் உண்மை. வெங்காயத்தின் செல்களுக்குள் கந்தகம் சேர்ந்த ஒரு பொருளும் ஒரு நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. செல் உடைந்ததும் இரண்டும் கலந்து, கண்ணை எரிக்கும் வாயு உண்டாகிறது. கண்ணின் மேற்பரப்பில் தொடுதலையும் எரிச்சலையும் அறியும் நரம்புகள் நிறைய உண்டு. பார்ப்பதற்கான உறுப்பு தொட்டால் உணரும் உறுப்பாகவும் இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதே வெங்காயத்தைப் பச்சையாகத் துளி கடிக்கக் கொடுங்கள். பிறகு எண்ணெயில் வதக்கிக் கொடுங்கள். முதலாவது உறைக்கும், இரண்டாவது இனிக்கும். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. நெடியும் காரமும் அடங்கியதும், வெங்காயத்தில் முன்பே இருந்த சர்க்கரை நாக்குக்குத் தெரிகிறது. கையில், காதில், மூக்கில், கண்ணில், நாக்கில் என்று ஐந்திலும் இந்த ஒரே பொருள் வேலை செய்துவிட்டது. பாடநூலில் ஐந்து உறுப்புக்கு ஐந்து படங்கள் போட்டிருப்பார்கள்: கண்ணுக்கு வானவில், காதுக்கு மணி, மூக்குக்கு ரோஜா. அப்படிப் பிரித்துப் பார்த்த பிள்ளை, ரோஜா மூக்குக்கு மட்டுமே உரியது என்று நினைத்துக்கொள்ளும். உலகத்தில் எந்தப் பொருளும் ஒரு புலனுக்கென்று வருவதில்லை. அதனால் ஒரே பொருளை ஐந்து வழியில் அறிவதில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். தனித்தனியாகப் பிரிப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

அப்படிப் பிரிக்கும்போது எந்தப் புலனில் தொடங்குவது? பள்ளிக்கூடப் பழக்கம் கண்ணில் தொடங்கும். தொல்காப்பியர் வேறு வரிசை சொல்கிறார். மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அவர் வகுக்கும்போது முதல் அறிவாக வைப்பது தொடுவுணர்வை. பிறகு நாக்கு, அதன் பின் மூக்கு, கண், கடைசியில் செவி. ஆறாவது மனம். புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நான்கறிவு என்று எடுத்துக்காட்டும் தருகிறார். இன்றைய உயிரியல் இந்த வகுப்பை அப்படியே ஏற்காது. எறும்புக்குக் கண் இருக்கிறது, செடிக்கு வெளிச்சம் தெரிகிறது. ஆனால் தொடுவுணர்வை முதலில் வைத்தது பிள்ளை வளர்ச்சிக்கு நன்றாகவே பொருந்துகிறது. கருவின் இரண்டாம் மாத முடிவிலேயே உதட்டைச் சுற்றித் தொடுவுணர்வு தோன்றிவிடுகிறது. பிறந்த நாளில் ஐந்திலும் குறைவாக முதிர்ந்திருப்பது பார்வைதான்; அன்றைக்குப் பிள்ளைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது ஓர் அடி தூரத்துக்குள் இருக்கும் முகம் மட்டுமே. ஆகவே நாமும் கையிலிருந்தே தொடங்குவோம்.

தொடுவதற்கு மஞ்சப்பை ஒன்று போதும். அதற்குள் பருத்திப் பஞ்சு, மக்காச்சோளச் சக்கை, புளியங்கொட்டை, கூழாங்கல், ஒரு துண்டு உப்புத்தாள், தேங்காய் நார் எல்லாம் போட்டுக் கட்டுங்கள். பிள்ளை பார்க்காமல் கையை விட்டு ஒன்றைத் தடவி, அது எப்படி இருக்கிறது என்று சொல்லட்டும். பெயரைக் கேட்காதீர்கள். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். முதல் நாள் "நல்லா இருக்கு" என்றே பதில் வரும், ஏனென்றால் பிள்ளையிடம் சொல் இல்லை. அப்போதுதான் நாம் சொல்லைக் கொடுக்க வேண்டும்: சொரசொரப்பு, வழவழப்பு, மெதுமெதுப்பு, கொழகொழப்பு, பிசுபிசுப்பு, நறநறப்பு. கை அந்தப் பொருளின் மேல் இருக்கும்போதே சொல் காதில் விழுந்தால் பிள்ளை மறக்காது. படத்தைக் காட்டி "இது சொரசொரப்பு" என்றால் அது சத்தமாக மட்டுமே நிற்கும்.

பொருள் முதலில், சொல் பிறகு என்ற இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஊர் திரும்ப முடியாமல் போயிற்று; கொடைக்கானலிலும் சில காலம் இருந்து, 1946-இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அவர் வடிவமைத்த புலன் கருவிகளில் ஒரே ஒரு விதி ஓடும்: ஒரு தொகுப்பில் இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு குணம் மட்டும் மாற வேண்டும். சொரசொரப்பைக் காட்டும் அட்டைகளில் நிறமும் அளவும் ஒன்றாக இருக்கும். நிறத்தைக் காட்டும் அட்டைகளில் அளவும் வழவழப்பும் ஒன்றாக இருக்கும். அப்போதுதான் பிள்ளையின் கவனம் வேறெங்கும் சிதறாது.

சொல் கொடுப்பதற்கும் மூன்று படிகள் வைத்திருந்தார். இந்தப் படிகளை அவர் எடுத்துக்கொண்டது 19-ஆம் நூற்றாண்டில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பித்த பிரெஞ்சு மருத்துவர் எட்வார் செகானிடமிருந்து. முதல் படி, "இது சொரசொரப்பு, இது வழவழப்பு" என்று நாம் சொல்வது. அடுத்து, "சொரசொரப்பா இருக்கறத எடுத்துக் குடு பாப்பா" என்று கேட்பது. கடைசியில்தான் "இது எப்படி இருக்கு?" என்ற கேள்வி. இரண்டாம் படியில் பிள்ளை தவறாக எடுத்தால் திருத்த வேண்டாம், வேறொரு நாள் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் நேராக மூன்றாம் படிக்குத் தாவுகிறோம். பதில் வராதபோது பிள்ளைக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த அவசரம் வேண்டாம்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு சோதனைகள். முதலாவதில், இரண்டு பென்சில்களின் மழுங்கிய முனைகளை இரண்டு விரல் இடைவெளியில் பிடித்து, பிள்ளையின் முதுகில் ஒரே நேரத்தில் மெல்லத் தொட்டு "எத்தனை?" என்று கேளுங்கள். "ஒண்ணு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதையே உள்ளங்கையில் வைத்தால் "ரெண்டு" என்று சரியாகச் சொல்லும். தொடுவுணர்வு நரம்புகள் கையில் நெருக்கமாகவும் முதுகில் தள்ளித் தள்ளியும் இருப்பதே காரணம். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியைக்கூடப் பிரித்தறிய முடியும். பார்வையில்லாதவர்கள் பிரெய்ல் புள்ளிகளை விரலால் படிப்பது இதனால்தான். மற்றொன்று மூன்று கிண்ணச் சோதனை. ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பான நீர். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்ந்த நீரிலும் சிறிது நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுக் கிண்ணத்தில் விடச் சொல்லுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், மறு கைக்குச் சுடும். தோல் வெப்பமானியைப்போல அளவு சொல்வதில்லை, முன்பு இருந்ததோடு ஒப்பிட்டே சொல்கிறது என்பது பிள்ளைக்குப் புரியும்.

பெரம்பலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. சாத்தனூரில் பாதுகாக்கப்படும் கல்மரம், 18 மீட்டருக்கு மேல் நீளம் கொண்ட ஓர் அடிமரம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியைக் கடல் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில் மண்ணில் புதைந்து, மரத்தின் பகுதிகளில் மெல்ல மெல்லச் சிலிக்கா ஏறி, வடிவம் மாறாமல் கல்லானது. கண் அதைப் பார்த்து மரம் என்று சொல்லும். பக்கத்தில் சிதறிக் கிடக்கும் ஒரு சில்லைத் தொட்ட கை, கல் என்று சொல்லும். ஒரு புலன் சொன்னதை மற்றொரு புலனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது அறிவியலின் அடிப்படைப் பழக்கம். அது நான்கு வயதில் ஒரு கல்மரத்தின் பக்கத்தில் தொடங்க முடியும். சில்லை எடுத்து வரக் கூடாது, மரத்தின் மேல் ஏறக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காட்டலாம்.

அடுத்தது நாக்கு. இங்கே நம் வீட்டுக் கணக்கும் ஆய்வகக் கணக்கும் மாறுபடுகின்றன, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நாம் அறுசுவை என்போம்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. உடலியல் நூல்கள் ஐந்து என்கின்றன. முதல் நான்கும் அங்கேயும் உண்டு. ஐந்தாவது உமாமி. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய சுவை இது. பழுத்த தக்காளியிலும் காளானிலும் நமக்குக் கிடைப்பது. கார்ப்பும் துவர்ப்பும் எங்கே போயின? மிளகாயின் காரத்தை அறிவது சுவை மொட்டு அல்ல, சூட்டையும் வலியையும் அறியும் நரம்பு. 43 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கு விழித்துக்கொள்ளும் அதே ஏற்பியை மிளகாயில் உள்ள பொருளும் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் பட்ட விரலைக் கண்ணில் வைத்தால் எரிவதும் இதனால்தான்: கண்ணில் சுவை மொட்டு இல்லை, அந்த நரம்பு இருக்கிறது. துவர்ப்பு என்பது வாழைக்காயிலும் நாவல் பழத்திலும் உள்ள பொருள்கள் எச்சிலின் வழுக்கலைக் குறைத்துவிடுவதால் வாய்க்குள் ஏற்படும் வறட்சி. ஆக இவை இரண்டும் பெருமளவு தொடுவுணர்வைச் சேர்ந்தவை. அதற்காகப் பிள்ளைக்கு அறுசுவை சொல்லித் தருவதை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பாட்டை விவரிக்க அது நல்ல கணக்கு. உடலுக்குள் நடப்பதை விளக்க மற்றது.

ஒன்றை மட்டும் நிறுத்திவிட வேண்டும். நாக்கின் நுனி இனிப்புக்கு, ஓரம் புளிப்புக்கு, அடிப்பகுதி கசப்புக்கு என்று பிரித்து வரைந்த படம் இன்னும் சில புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் இருக்கிறது. அது தவறு. 1901-இல் ஜெர்மனியில் வெளிவந்த ஓர் ஆய்வு நாக்கின் பகுதிகளுக்கிடையே மிகச் சிறிய வேறுபாட்டைச் சொல்லியிருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைப் பெரிதுபடுத்தி வரைபடமாக்கிவிட்டார்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளிலும் எல்லாச் சுவையும் தெரியும். சந்தேகமாக இருந்தால் நாக்கு நுனியில் ஒரு கல் உப்பை வைத்துப் பாருங்கள்.

நாக்குப் பாடத்துக்கு உகந்தது நெல்லிக்காய். கடித்ததும் புளிப்பும் துவர்ப்பும், பிறகு தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மறுபடி மறுபடி செய்வார்கள். பாகற்காயை முதல் தடவையிலேயே துப்பும் பிள்ளையைத் திட்டாதீர்கள். குழந்தைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிடக் கூடுதலாகவே தெரிகிறது. புதுச் சுவை பழக ஏழெட்டு முறை, சிலருக்கு அதற்கு மேலும், சிறு துண்டாக, வற்புறுத்தாமல் தட்டில் வந்துபோக வேண்டும்.

மூக்குக்கு ஒரு சோதனை போதும், அது எல்லோரையும் வியக்க வைக்கும். கொஞ்சம் சர்க்கரையில் ஏலக்காய்ப் பொடியையும், வேறு கொஞ்சம் சர்க்கரையில் சீரகப் பொடியையும் துளித் துளி கலந்துவையுங்கள். பிள்ளை கண்ணை மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கில் வாங்கட்டும். இரண்டும் வெறும் இனிப்பாகவே தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் ஏலக்காயாகும், சீரகம் சீரகமாகும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். சளி பிடித்தால் சோறு சப்பென்று இருப்பதும், கொரோனாவின்போது பலருக்கு வாசமும் ருசியும் ஒன்றாகப் போனதும் இதனால்தான். இங்கே ஒரு கண்டிப்பும் தேவை. முகர்ந்து பார்க்கலாம் என்று கற்ற பிள்ளை எதையும் முகரும். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருக்கும் ஊர் இது. மூடி போட்ட புட்டியைப் பெரியவர் தராமல் திறக்கக் கூடாது, முகரக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். மருந்துப் புட்டியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்பது நம் வேலை. சோள மணி, கடலை, புளியங்கொட்டை மாதிரிச் சிறு பொருள்களை மூக்கிலோ காதிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் வயதும் இதுவே. பக்கத்தில் ஆள் இல்லாமல் அவற்றைக் கையில் தராதீர்கள்.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பள்ளிக்கூடமே கண்ணுக்காகத்தான் நடக்கிறது. நிறத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போகலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கோடு நிறுத்திவிடாமல் வீட்டில் புழங்கும் நிறங்களைச் சொல்லிக் கொடுங்கள்: கிளிப்பச்சை, பாசிப்பச்சை, அரக்கு, மயில் கழுத்து, காப்பிப்பொடி, வெங்காயக் கலர். அப்பாயியின் புடவைகளை வரிசையாக விரித்தால் போதும். வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஒரே நிறத்தின் துணித்துண்டுகளை அடுக்கச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளை வெகுநேரம் அதிலேயே ஆழ்ந்திருக்கும்.

காதுக்குச் சத்த டப்பா. உள்ளே இருப்பது தெரியாத, ஒரே அளவுள்ள பன்னிரண்டு சிறு டப்பாக்கள் வேண்டும். இரண்டில் மக்காச்சோளம், இரண்டில் கேழ்வரகு, இரண்டில் மணல், இரண்டில் பருத்திக்கொட்டை, இரண்டில் கூழாங்கல், இரண்டில் பஞ்சு. மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். குலுக்கிக் கேட்டு ஜோடி சேர்ப்பது விளையாட்டு. பஞ்சு டப்பா முக்கியம்: குலுக்கியும் சத்தமே வராதது பிள்ளைக்குப் பெரிய ஆச்சரியம். மாண்டிசோரியின் ஒலிப்பெட்டிகளும் இதே முறையில் அமைந்தவைதான், பொருள் மட்டும் நம் ஊருடையது. இன்னொரு விளையாட்டில் பிள்ளை கண்ணை மூடி நடுவில் உட்கார வேண்டும். சுற்றியிருப்பவர்களில் ஒருவர் கை தட்ட, சத்தம் வந்த பக்கம் விரலை நீட்ட வேண்டும். பிறகு ஒரு காதைப் பொத்திக்கொண்டு அதையே செய்யட்டும், தடுமாறும். சத்தம் ஒரு காதுக்குச் சற்று முந்தியும் மறு காதுக்குச் சற்றுப் பிந்தியும் எட்டும் நுண்ணிய இடைவெளியை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. இரண்டு காது எதற்கு என்ற கேள்விக்குப் பிள்ளை தானே பதில் கண்டுகொள்ளும். திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயின் பக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். உள்காதின் நுண்ணிய கேட்பு செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஐந்தோடு புலன்கள் முடிந்துவிடுவதில்லை என்பதையும் ஒரு வரி சொல்லிவைக்கலாம். தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றுகிறதே, அது உள்காதில் இருக்கும் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால். கண்ணை மூடிக்கொண்டே மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, கை எங்கே இருக்கிறது என்பதைத் தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால். பசி, தாகம், மூத்திரம் வருவது எல்லாம் உள்ளிருந்து வரும் சேதிகள். அவற்றைச் சொல்லத் தெரிந்த பிள்ளை பால்வாடியில் தவிக்காது.

கைப்பேசியைப் பற்றியும் கேட்பார்கள். அதில் பழத்தின் படம் வரும், பெயரைச் சொல்லும் குரல் வரும். மணமும் எடையும் சொரசொரப்பும் சுவையும் வருவதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதல்.

இனி, இந்தப் பாடத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கான காரணத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஐம்புலன் விளையாட்டு விளையாடும்போது நாம் கவனித்துக்கொண்டிருந்தால், எந்தப் பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை, எந்தப் பிள்ளைக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது புலப்படும். பிறவியிலிருந்தே ஒரு காது கேட்காத பிள்ளை "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லாது, எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் திரும்பாதது, டிவியை ஒட்டி உட்காருவது, இரண்டு வயதாகியும் பேச்சு வராதது போன்றவற்றை "புள்ள கொஞ்சம் மந்தம்" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். கைதட்டும் விளையாட்டில் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் தவறான திசையையே காட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சத்த டப்பாவில் மணலும் கேழ்வரகும் ஒன்றுபோலக் கேட்கிறது என்றால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள்.

கண்ணுக்கு, கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு என்று பெயர் வைத்து ஒரு கண்ணைத் துணியால் மறைத்து, சுவரில் இருக்கும் படத்தில் என்ன என்று கேளுங்கள். பிறகு மறு கண்ணை மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் பிள்ளை துணியைப் பிடுங்கினால், அழுதால், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், திறந்திருக்கும் அந்தக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் இந்தக் குறையில் பிள்ளை நல்ல கண்ணை வைத்தே எல்லாம் செய்துவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, குறைந்த கண்ணைப் பழக்கிச் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அந்த வாய்ப்புக் குறைகிறது. மாலை மங்கியதும் பிள்ளை தடுக்கித் தடுக்கி விழுந்தால் வைட்டமின் ஏ குறைவு இருக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஒன்பது மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் வைட்டமின் ஏ மருந்து தருகிறார்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை ஆகியவற்றில் அது இருக்கிறது.

இப்படி ஏதாவது தென்பட்டால் எங்கே போவது? 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பார்வையும் கேட்கும் திறனும் அந்தப் பரிசோதனையில் அடங்கும். குழு வரும் நாளில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். டீச்சரோ அம்மாவோ "இந்தப் பையன் இடப்பக்கச் சத்தத்தை எப்பவும் தப்பாவே காட்டுறான் சார்" என்று குறிப்பாகச் சொன்னால் அந்தச் சில நிமிடம் சரியான இடத்தில் செலவாகும். குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ நேரே போகலாம். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. ஆறு வயதுக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். கைதட்டும் விளையாட்டில் சந்தேகம் வந்தால், பிள்ளைக்கு வயது மூன்றுதானே என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் அந்த வாரமே கிளம்புங்கள். போகும்போது என்னென்ன கவனித்தீர்கள், எந்தத் தேதியில் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.